ஒற்றை ரிசர்வ் வரி: வளரும் அணியின் கொள்ளளவு உத்திகள் குறித்த நிகழ்வு ஆய்வு

நெட்வொர்க் வழியாக வரும் பதிவுகளை எல்லாம் நினைவகத்தில் சேர்த்துவைத்து, கடைசியில் வரிசைப்படுத்தும் சி++ நிரல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு பதிவு 64 பைட். 500 பதிவுகள் கொண்ட தொகுதிகளாக அவை வருகின்றன. எல்லாம் ஒரே வெக்டரில், அதாவது இடம் நிரம்பியதும் பெரிய இடத்துக்கு மாறி வளரும் அணியில், சேர்கின்றன. 20,000 பதிவுகளை வைத்துச் சோதித்தால் எந்தக் குறையும் தெரியாது. 20 லட்சம் பதிவுகள் வந்தால், வரிசைப்படுத்தும் வேலை தொடங்கும் முன்பே நிரல் திணறுகிறது. நெட்வொர்க் சும்மா இருக்கிறது, டிஸ்க் சும்மா இருக்கிறது, ஒரு கோர் மட்டும் முழு மூச்சில் ஓடுகிறது. நேரம் எங்கே செலவாகிறது என்று காட்டும் பெர்ஃப் கருவியைப் போட்டுப் பார்த்தால் பட்டியலின் உச்சியில் நிற்பது நினைவக நகல்.

வளரும் அணி பற்றிப் பேச்சு வந்தாலே, நிரம்பும்போது இடத்தை 2 மடங்காக்குவதா, 1.5 மடங்காக்குவதா என்ற விவாதம்தான் முதலில் எழும். இந்த நிகழ்வில் அது இரண்டாம்பட்சம். பெருக்கல் முறையிலான வளர்ச்சி எங்கேயாவது அறுந்துபோகிறதா, அணி பெரிதான பிறகு அதை நகலெடுக்காமல் வளர்க்க வழி உண்டா என்ற இரண்டு கேள்விகள்தாம் முடிவைத் தீர்மானிக்கின்றன. கீழே வரும் எண்கள் கணக்குப் போட்டுப் பெற்றவை. தாளில் போட்டே சரிபார்க்கலாம்.

பிழை இருந்த வரி

சேகரிக்கும் பகுதியின் சாரம் இவ்வளவுதான்:

ஒவ்வொரு தொகுதிக்கும்:
    பதிவுகள்.ரிசர்வ்(பதிவுகள்.நீளம் + 500)
    500 முறை:
        பதிவுகள்.புஷ்_பேக்(அடுத்த பதிவு)

எழுதியவரின் எண்ணம் நல்லதுதான். 500 வரப்போகிறது என்று தெரியும், அதற்கான இடத்தை முன்கூட்டியே பிடித்து வைத்தால் நடுவில் இடம் மாற்ற வேண்டாம். ஆனால் சி++ கம்பைலரான ஜிசிசியோடு வரும் நூலகம், எல்எல்விஎம் நூலகம், மைக்ரோசாஃப்ட் நூலகம் மூன்றிலும், வெக்டரின் ரிசர்வ் கேட்ட அளவை மட்டுமே துல்லியமாக ஒதுக்குகிறது. கேட்டதற்கு மேல் ஓர் இடம்கூட வைக்காது. எனவே கொள்ளளவு (இடம் மாறாமல் வைக்கக்கூடிய உறுப்புகளின் எண்ணிக்கை) 500, 1000, 1500 என்று கூட்டல் தொடராக நகர்கிறது. ஓர் உறுப்பைக் கடைசியில் சேர்க்கும் புஷ்_பேக்குக்குள் இரட்டிப்பு வளர்ச்சிக்கான குறிமுறை இருக்கத்தான் செய்கிறது. எப்போது பார்த்தாலும் இடம் சரியாக இருப்பதால் அது ஒருமுறைகூட இயங்குவதில்லை.

இனி கணக்கு. 20 லட்சம் பதிவு என்றால் 4000 தொகுதிகள். ஒவ்வொரு தொகுதி வரும்போதும் அதற்கு முன் சேர்ந்த பதிவுகள் முழுவதும் புதிய இடத்துக்கு நகலெடுக்கப்படுகின்றன: முதல் தொகுதிக்கு 0, இரண்டாவதற்கு 500, மூன்றாவதற்கு 1000, கடைசித் தொகுதிக்கு 19,99,500. கூட்டினால் 500 × (3999 × 4000 ÷ 2) = 399.9 கோடி நகல்கள். பதிவுக்கு 64 பைட் என்றால் ஏறத்தாழ 256 ஜிகாபைட். நொடிக்கு 10 ஜிகாபைட் வேகத்தில் நகலெடுக்கும் கணினி என்று வைத்துக்கொண்டால், இதற்கு மட்டுமே 25 நொடிக்கு மேல் ஆகும். கடைசியில் கையில் இருக்கும் தரவோ வெறும் 128 மெகாபைட்.

அந்த ரிசர்வ் வரியை அழித்துவிட்டால் என்ன ஆகும்? ஜிசிசி நூலகத்தில் கொள்ளளவு 1, 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போய் 20,97,152-இல் நிற்கும். மொத்த நகல்கள் 1 + 2 + 4 + … + 10,48,576 = 20,97,151, அதாவது சுமார் 134 மெகாபைட். ஒரு வரியை எடுத்ததும் நகல் வேலை ஏறக்குறைய 1,900 மடங்கு குறைகிறது.

சோதனையில் இது ஏன் சிக்கவில்லை என்பதும் இதே கணக்கில் இருக்கிறது. 20,000 பதிவு என்றால் 40 தொகுதிகள்; நகல்கள் 500 × 780 = 3,90,000, அதாவது 25 மெகாபைட். எந்தக் கடிகாரமும் அதைக் காட்டிக்கொடுக்காது. தரவு 100 மடங்கு ஆனபோது வேலை 10,000 மடங்குக்கு மேல் கூடியது. தரவை இரட்டித்தால் நேரம் நான்கு மடங்கு ஆகிறது என்றால், எங்கோ கூட்டல் முறையில் வளரும் அணி இருக்கிறது என்று முதலில் சந்தேகிக்க வேண்டும்.

லினக்ஸில் இன்னொரு சுமையும் சேர்ந்துகொள்கிறது. 64 பிட் கணினியில் ஜிலிப்சி நூலகத்தில் நினைவகம் ஒதுக்கும் செயலான மாலாக், பெரிய துண்டுகளை எம்மேப் என்ற அழைப்பு வழியாக நேரே கெர்னலிடம் வாங்கித் தருகிறது. அதற்கான எல்லை 128 கிலோபைட்டில் தொடங்கி, நிரலின் பயன்பாட்டைப் பொறுத்துத் தானாகவே 32 மெகாபைட் வரை உயரும். 32 மெகாபைட் என்பது 5,24,288 பதிவுகள். அதற்கு மேல் போனதும், ஒவ்வொரு தொகுதிக்கும் புதுத் துண்டு வாங்கிப் பழைய துண்டைத் திருப்பித் தர வேண்டியிருக்கிறது. புதுத் துண்டின் 4 கிலோபைட் பக்கம் ஒவ்வொன்றையும் முதன்முதலில் தொடும்போது கெர்னல் அதைப் பூஜ்யத்தால் நிரப்பித் தருகிறது. 128 மெகாபைட்டை நெருங்கும் கட்டத்தில் ஒரே ஒரு தொகுதியைச் சேர்க்க 31,000 பக்கப் பிழைகள், அதாவது கெர்னலின் குறுக்கீடுகள். ஆகவே நடைமுறையில் ஆகும் நேரம் 25 நொடிக்கும் மேலேதான் இருக்கும்.

திருத்தம்

வரியை வெறுமனே நீக்குவதே போதுமான திருத்தம். தொகுதியின் அளவு முன்பே தெரிவதால் அதைவிட நல்ல வழியும் உண்டு: தொகுதியின் தொடக்கத்தையும் முடிவையும் கொடுத்து, இன்சர்ட் மூலம் மொத்தமாகச் சேர்ப்பது. எத்தனை உறுப்புகள் வருகின்றன என்பது இன்சர்ட்டுக்குத் தெரியும். ஜிசிசி நூலகம் அப்போது தற்போதைய நீளம், வரும் எண்ணிக்கை இரண்டில் எது பெரிதோ அதைத் தற்போதைய நீளத்தோடு கூட்டிப் புதிய கொள்ளளவை எடுக்கிறது. பெருக்கல் வளர்ச்சி காப்பாற்றப்படுகிறது. ஒவ்வொரு புஷ்_பேக்கிலும் நடக்கும் கொள்ளளவுச் சோதனையும் தொகுதிக்கு ஒன்றாகக் குறைகிறது.

ரிசர்வ்தான் வேண்டும் என்றால் இப்படி:

கொள்ளளவு − நீளம் < 500 எனில்:
    ரிசர்வ்(பெரியது(நீளம் + 500, 2 × கொள்ளளவு))

மொத்த எண்ணிக்கை முன்பே தெரிந்தால், வட்டத்துக்கு (லூப்புக்கு) வெளியே ஒரே ஒருமுறை ரிசர்வ் செய்வதை மிஞ்சியது எதுவும் இல்லை. வட்டத்துக்கு உள்ளே வைக்கும் ரிசர்வ்தான் ஆபத்து.

இந்தப் பொறி எல்லா மொழியிலும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. ரஸ்ட்டின் ரிசர்வ் பெருக்கல் வளர்ச்சியைக் காக்கும். துல்லிய அளவு கேட்பவர்களுக்கு ரிசர்வ்_எக்ஸாக்ட் என்று தனியாக ஒன்று உண்டு. ஜாவாவின் என்ஷூர்கெபாசிட்டியும் கேட்ட அளவு, 1.5 மடங்கு இரண்டில் பெரியதையே எடுக்கிறது. சி#-இல் என்ஷூர்கெபாசிட்டி பாதுகாப்பானது, ஆனால் கெபாசிட்டி என்ற பண்புக்கு நேரடியாக மதிப்பு கொடுத்தால் மேலே பார்த்த அதே குழிதான். ஒரு மொழியில் இருந்து இன்னொரு மொழிக்கு நிரலை மாற்றி எழுதுபவர்கள் இந்த இடத்தில் வழுக்குவதற்குக் காரணம் பெயர்தான்: ஒரே பெயர், வேறு வேறு வாக்குறுதி.

நகல் என்பது உண்மையில் எது

மேலே உள்ள கணக்கு, பதிவு என்பது வெறும் 64 பைட் என்று கொண்டது. பதிவுக்குள் ஸ்ட்ரிங் இருந்தால் கதை மாறுகிறது. வெக்டர் இடம் மாறும்போது உறுப்புகளை மூவ் செய்யும் (உள்ளடக்கத்தை நகலெடுக்காமல் கைமாற்றும்) என்று பலரும் நம்புகிறார்கள். மூவ் கட்டமைப்பான் விதிவிலக்கு எறியாது என்று நோஎக்ஸெப்ட் மூலம் உறுதி தந்தால்தான் அது மூவ் செய்யும். உறுதி இல்லை, ஆனால் நகலெடுக்க முடியும் என்றால் நகல்தான் எடுக்கும். காரணம் நியாயமானது: பாதி உறுப்புகள் புது வீட்டுக்குப் போனபின் விதிவிலக்கு வந்துவிட்டால், பழைய அணியை மீட்க வழியே இருக்காது.

இதில் கண்ணுக்குத் தெரியாத வகை ஒன்று உண்டு. பதிவின் கிளாஸில் யாரோ ஒருவர் காலியான டிஸ்ட்ரக்டர் ஒன்றை எழுதிவைத்தால், கம்பைலர் மூவ் கட்டமைப்பானைத் தானாக உருவாக்குவதை நிறுத்திவிடும். நிரல் வழக்கம்போலக் கம்பைல் ஆகும், சரியான விடையும் தரும். ஆனால் ஒவ்வொரு இடமாற்றத்திலும் ஒவ்வொரு ஸ்ட்ரிங்குக்கும் புதிதாக நினைவகம் ஒதுக்கி, எழுத்துகளை நகலெடுத்து, பழையதை விடுவிக்கும். ஜிசிசி நூலகத்தில் 15 பைட் வரையிலான சரங்கள் பொருளுக்கு உள்ளேயே அடங்கிவிடுவதால் சிறிய சோதனைத் தரவில் இது வெளியே வராது. நீளமான சரங்கள் வந்தால்தான் வெடிக்கும். பதிவின் வகை விதிவிலக்கு இல்லாமல் மூவ் ஆகுமா என்பதை ஸ்டாட்டிக்_அஸர்ட் போட்டுக் கம்பைல் நேரத்திலேயே பிடித்துவிடலாம். ஒரு வரிச் செலவு. வெக்டரில் பெருமளவில் வைக்கப்படும் ஒவ்வொரு வகைக்கும் இதைச் செய்வது தகும்.

காரணி எவ்வளவு இருக்கலாம்

பெருக்கல் வளர்ச்சி காக்கப்படுகிறது என்று உறுதியான பிறகுதான் காரணியைப் பற்றிப் பேசுவதில் பயன் இருக்கிறது. காரணி, அதாவது ஒவ்வொரு முறையும் கொள்ளளவு பெருகும் மடங்கு, அ என்றால், ஓர் உறுப்புக்கு ஆகும் நகல் சராசரியாக 1 ÷ (அ − 1) முதல் அ ÷ (அ − 1) வரை. அணி சரியாக நிரம்பிய தருணத்தில் கீழ் எல்லை. அப்போதுதான் வளர்ந்த தருணத்தில் மேல் எல்லை. 2 என்றால் 1 முதல் 2 நகல், 1.5 என்றால் 2 முதல் 3, 1.25 என்றால் 4 முதல் 5, 1.125 என்றால் 8 முதல் 9. காலியாகக் கிடக்கும் இடத்தின் உச்சம் 1 − 1 ÷ அ: முறையே 50, 33, 20, 11 சதவீதம். எந்தக் காரணியாக இருந்தாலும் நகல் எண்ணிக்கை தரவின் அளவைச் சார்ந்தது அல்ல என்பதுதான் முக்கியம். 20 லட்சத்துக்கும் 20 கோடிக்கும் அதே 2, அதே 3. கூட்டல் முறையில் அது தரவோடு சேர்ந்து ஏறிக்கொண்டே போகும்.

மொழிகள் தேர்ந்த எண்களைப் பார்த்தால் அவரவர் சூழல் தெரிகிறது. ஜிசிசி, எல்எல்விஎம் நூலகங்களும், ரஸ்ட்டும், சி#-இன் லிஸ்ட்டும் இரட்டிக்கின்றன. மைக்ரோசாஃப்ட்டின் சி++ நூலகமும் ஜாவாவின் அரேலிஸ்ட்டும் 1.5. ஜாவாவில் 10, 15, 22, 33, 49, 73 என்று போகும். பைத்தானின் லிஸ்ட் ஏறக்குறைய 1.125, 3.9 பதிப்பிலிருந்து அது 4, 8, 16, 24, 32, 40, 52, 64, 76 என்று நகர்கிறது. இவ்வளவு சிறிய காரணியை வைத்துக்கொண்டு பைத்தான் எப்படித் தாக்குப்பிடிக்கிறது? லிஸ்ட்டுக்குள் இருப்பவை 8 பைட் பாயின்டர்கள் மட்டுமே, பொருள்கள் நகர்வதில்லை. அதோடு பைத்தானின் வழக்கமான வடிவமான சிபைத்தான், இருக்கும் துண்டின் அளவை மாற்றித் தரும் ரீஅலாக் வழியாக வளர்கிறது. பக்கத்தில் இடம் இருந்தால் துண்டு இருந்த இடத்திலேயே நீளும், நகலே இருக்காது.

கோ மொழியின் மாற்றம் தனியாகப் பார்க்க வேண்டியது. 1.17 வரை, 1024 உறுப்புகளுக்குக் கீழே இரட்டிப்பு, அதற்கு மேல் 1.25 மடங்கு. அதன் விளைவாக, 1023 கொள்ளளவு உள்ள ஸ்லைஸ் (கோவின் வளரும் அணி) 2046-ஐ நோக்கிப் போகும். 1024 உள்ளதோ 1280-ஐ நோக்கித்தான் போகும். பெரியது வளர்ந்தபின் சிறியதைவிடச் சிறிதாகிவிடுகிறது. 1.18-இல் இந்தப் படி நீக்கப்பட்டது: 256 வரை இரட்டிப்பு, அதற்குப் பின் ஒவ்வொரு முறையும் (கொள்ளளவு + 768) ÷ 4 கூடும். 256-இல் 2 மடங்காகவே இருக்கும் காரணி, 512-இல் 1.63 ஆகி, மெல்ல 1.25-ஐ நோக்கி இறங்குகிறது. அதன் பிறகு ஒதுக்கியின் (நினைவகத்தைப் பங்கிட்டுத் தரும் பகுதியின்) அளவு வகுப்புக்கு, அதாவது அது தரும் நிலையான அளவுகளுக்கு ஏற்ப மேல்நோக்கிச் சரிசெய்யப்படும். 8 பைட் முழு எண்களுக்கு 512-இலிருந்து கணக்கு 832 என்று சொன்னாலும் கையில் கிடைப்பது 848. ஒதுக்கி எப்படியும் தரப்போகும் இடத்தைக் கொள்ளளவில் சேர்த்துக்கொள்ளும் இந்தப் பழக்கம், சொந்தமாக அணி எழுதுபவர்கள் கண்டிப்பாகக் கடன்வாங்க வேண்டிய ஒன்று.

தங்க விகித வாதம் எங்கே செல்லும்

1.5-க்கு ஆதரவாகச் சொல்லப்படும் புகழ்பெற்ற காரணம், விடுவித்த இடத்தை மறுபடி பயன்படுத்தலாம் என்பது. 16 உறுப்புகளில் தொடங்கி 1.5 மடங்காக வளர்த்துப் பார்ப்போம்: 16, 24, 36, 54, 81, 121. 54-இலிருந்து 81-க்குப் போகும்போது, முன்பு விடுவித்தவை 16 + 24 + 36 = 76. போதவில்லை. 81-இலிருந்து 121-க்குப் போகும்போது விடுவித்தவை 130. இடம் இருக்கிறது, பழைய பள்ளத்திலேயே புதிய அணி உட்காரலாம். இரட்டிப்பில் இது ஒருநாளும் நடக்காது. 16 + 32 + 64 = 112 விடுவித்திருக்கும்போது 128 பயன்பாட்டில் இருக்கும், தேவையோ 256. பொதுவாக அ² < அ + 1 என்றால்தான் மறுபயன்பாடு சாத்தியம். அந்த எல்லைதான் தங்க விகிதமான 1.618. ஃபேஸ்புக்கின் ஃபாலி நூலகத்தில் உள்ள எஃப்பிவெக்டர் 1.5-ஐத் தேர்ந்ததற்குச் சொல்லும் காரணங்களில் இதுவும் ஒன்று.

வாதம் கணக்கில் சரி. அதன் அடியில் மூன்று அனுமானங்கள் இருக்கின்றன: விடுவித்த துண்டுகள் அடுத்தடுத்து இருக்க வேண்டும், இடையில் வேறு யாரும் நினைவகம் கேட்டிருக்கக் கூடாது, ஒதுக்கி அண்டைத் துண்டுகளை ஒட்டவைத்துப் பெரிதாக்க வேண்டும். ஜெமாலாக், டிசிமாலாக் போன்ற ஒதுக்கிகள் சிறிய துண்டுகளை அளவு வகுப்புவாரியாகப் பிரித்து வைப்பதால், 16 பைட் துண்டும் 24 பைட் துண்டும் ஒன்றாகி 40 ஆவதில்லை. மறுமுனையில், ஜிலிப்சியில் 32 மெகாபைட்டுக்கு மேலான துண்டுகள் எம்மேப் வழியாக வந்து, விடுவித்த உடனே கெர்னலுக்கே திரும்புகின்றன. நிரலுக்குள் பள்ளமே இல்லை என்னும்போது மறுபயன்பாடு என்ற பேச்சுக்கே இடமில்லை. இடைப்பட்ட அளவில், ஒரே அணி தனியாக வளரும் நிரலில்தான் இந்த வாதம் முழு வலுவோடு நிற்கிறது. காரணியை 2-இலிருந்து 1.5-ஆக மாற்ற இது மட்டுமே காரணமாக இருக்க முடியாது.

இரண்டாவது முறிவு: நினைவக எல்லை

ரிசர்வ் வரியை நீக்கித் திருத்திய நிரல் நீண்ட நேரம் ஓட விடப்படுகிறது. அது ஓடும் கன்டெய்னருக்கு (தனித்து அடைக்கப்பட்ட சூழலுக்கு) 1 ஜிகாபைட் நினைவக எல்லை. 83,88,608 பதிவுகள் சேர்ந்தபோது தரவு சரியாக 512 மெகாபைட். கண்காணிப்புத் திரையும் அதைத்தான் காட்டுகிறது, பாதி இடம் காலி. அடுத்த ஒரு பதிவு வந்ததும் கெர்னல் நிரலைக் கொன்றுவிடுகிறது.

நடந்தது இதுதான். வெக்டர் 1 ஜிகாபைட் புதுத் துண்டு கேட்டது. முகவரி வெளி மட்டும்தான் என்பதால் உடனே கிடைத்தது. பிறகு 512 மெகாபைட்டை அதற்குள் நகலெடுக்கத் தொடங்கியது. நகல் முடியும் வரை பழைய துண்டும் உயிரோடு இருக்கும். ஆக உண்மையில் தொடப்பட்ட பக்கங்கள் 512 + 512 மெகாபைட். நிரலின் மற்ற நினைவகமும் சேர்ந்ததும் எல்லை தாண்டிவிட்டது. புதுத் துண்டின் மேல்பாதி இன்னும் தொடப்படவே இல்லை, அது கணக்கில் வராது.

உடனே காரணியை 1.5-ஆகக் குறைக்கத் தோன்றும். அது உதவாது. நகலெடுத்து வளரும் எந்த அணியும், இடமாற்றத்தின்போது இருக்கும் தரவைப் போல இரண்டு மடங்கு நினைவகத்தைத் தொடும். காரணி எதுவானாலும் அதே இரண்டு மடங்கு. 512 மெகாபைட்டைத் தாண்டிய எந்த வளர்ச்சியும் இந்த எல்லைக்குள் தோற்றே தீரும். சொல்லப்போனால் இரட்டிப்புக்குத்தான் சற்று சாதகம்: 512-க்குச் சற்றுக் கீழே கடைசி வளர்ச்சி அமைந்தால் அது ஏறக்குறைய 1 ஜிகாபைட் வரை எட்டும், 1.5 மடங்கில் எவ்வளவு நல்வாய்ப்பாக அமைந்தாலும் 768 மெகாபைட்டில் நின்றுவிடும்.

இந்த முடிவு, தொடாத பக்கங்களை லினக்ஸ் கணக்கில் சேர்க்காத சூழலுக்கு உரியது. ஜாவாவில் அரே உருவாகும்போதே முழு அளவும் ஹீப் (பொருள்கள் வாழும் நினைவகப் பகுதி) எல்லைக்குள் அடங்க வேண்டும். அங்கே வளரும் தருணத்தில் பழைய அணியும் 1.5 மடங்கு புதிய அணியும் சேர்ந்து 2.5 மடங்கு தேவை. இரட்டிப்பாக இருந்தால் 3 மடங்கு ஆகியிருக்கும். விண்டோஸிலும் கமிட் செய்த (தருவதாக உறுதி அளித்த) அளவு முழுவதும் கணக்கில் ஏறும். அந்தச் சூழல்களில் சிறிய காரணிக்கு உண்மையான மதிப்பு இருக்கிறது.

இந்த முறிவுக்கு நகலைத் தவிர்ப்பதே தீர்வு. ஒரு வழி ரீஅலாக்: எம்மேப் வழியாக வந்த துண்டாக இருந்தால், ஜிலிப்சி எம்ரீமேப் அழைப்பால் பக்க அட்டவணையை மட்டும் மாற்றி, ஒரு பைட்கூட நகலெடுக்காமல் நீட்டிவிடும். சி++ வெக்டரின் வழக்கமான ஒதுக்கியில் ரீஅலாக் என்ற செயலே இல்லாததால், வெக்டருக்கு இந்தச் சலுகை கிடைக்காது. பதிவு வெறும் பைட்களால் ஆனது என்றால் சொந்தமாக எழுதிக்கொள்ளலாம். தன் முகவரியைத் தானே வைத்திருக்கும் பொருள்களுக்கு இது கூடாது.

இன்னொரு வழி, தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையையே விட்டுவிடுவது. 1 மெகாபைட் துண்டுகளாக வாங்கிக்கொண்டே போனால், ஒரு துண்டில் 16,384 பதிவுகள். அதற்கு மேல் துண்டுகளின் பாயின்டர்களை மட்டும் வைத்திருக்கும் சிறிய அட்டவணை. எண் 10,00,000 கொண்ட பதிவு எங்கே? 14 பிட் வலப்பக்கம் நகர்த்தினால் துண்டு எண் 61; கீழ் 14 பிட்களை எடுத்தால் துண்டுக்குள் இடம் 576. இரண்டே செயல்கள். 1 ஜிகாபைட் தரவுக்கு 1024 துண்டுகள், அட்டவணை 8 கிலோபைட். வளர்வது அந்த அட்டவணை மட்டும்தான், பதிவுகள் ஒருபோதும் நகர்வதில்லை. வீணாகும் இடம் அதிகபட்சம் ஒரு துண்டு. பதிவைச் சுட்டும் பாயின்டர்களும் செல்லாமல் போவதில்லை. விலையும் உண்டு: தொடர்ச்சியான நினைவகம் கேட்கும் செயல்பாடுகளுக்கு இதை அப்படியே கொடுக்க முடியாது, ஒவ்வொரு அணுகலிலும் ஒரு படி கூடுதல். சேகரித்து ஒருமுறை வரிசைப்படுத்தும் இந்த நிரலுக்கு அந்த விலை தாராளமாகக் கட்டுப்படியாகும்.

சி++-இல் உள்ள டெக் என்ற ஆயத்த வடிவம் இதைத்தானே செய்கிறது என்று கேட்கலாம். செய்கிறது, ஆனால் துண்டின் அளவு உங்கள் கையில் இல்லை. ஜிசிசி நூலகத்தில் 512 பைட், அதாவது துண்டுக்கு 8 பதிவு. எல்எல்விஎம்மில் 4096 பைட். மைக்ரோசாஃப்ட்டில் 16 பைட்தான் என்பதால், 64 பைட் பதிவுக்குத் துண்டுக்கு ஒன்றே ஒன்று. ஒவ்வொரு பதிவுக்கும் தனி ஒதுக்கீடு. ஒரு கணினியில் நன்றாக ஓடிய நிரல் மற்றொன்றில் படுத்துக்கொள்ள இதுவே போதும்.

சொந்தமாக எழுதும்போது தவறும் இடங்கள்

சி-யில் அணியைக் கையால் எழுதுபவர்களிடம் ஒரே மாதிரியான நான்கு பிழைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. முதலாவது, கொள்ளளவு + கொள்ளளவு ÷ 2 என்ற சூத்திரம். கொள்ளளவு 0 என்றால் 0, 1 என்றால் முழு எண் வகுத்தலால் 1 + 0 = 1. அணி வளராமலே எல்லைக்கு வெளியே எழுதும். குறைந்தபட்ச அளவு ஒன்றை வைத்தே தீர வேண்டும். ரஸ்ட் வைத்திருப்பது நல்ல அளவுகோல்: உறுப்பு 1 பைட் என்றால் 8, 1024 பைட் வரை 4, அதற்கு மேல் 1.

இரண்டாவது, ரீஅலாக்கின் விடையைப் பழைய பாயின்டரிலேயே போடுவது. இடம் கிடைக்காவிட்டால் திரும்பி வருவது நல் (null) என்ற வெற்று முகவரி. பழைய துண்டு அப்படியே இருக்கும், ஆனால் அதன் முகவரி தொலைந்துவிடும். தற்காலிக மாறியில் வாங்கிச் சரிபார்த்த பிறகுதான் மாற்ற வேண்டும். மூன்றாவது, கொள்ளளவு × உறுப்பின் அளவு என்ற பெருக்கல் வழிந்து சிறிய எண்ணாகிவிடுவது. ஒதுக்கீடு வெற்றி பெறும், அதன் பிறகு நடப்பது நினைவகச் சிதைவு. பெருக்கும் முன், கொள்ளளவு என்பது அதிகபட்ச அளவு ÷ உறுப்பின் அளவு என்பதற்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

நான்காவது நுட்பமானது. அணியின் முதல் உறுப்பையே அதே அணியின் கடைசியில் சேர்க்கச் சொன்னால்? உறுப்பின் முகவரி வந்திருக்கிறது. அணி நிரம்பி இருப்பதால் இடம் மாறுகிறது. பழைய துண்டு விடுவிக்கப்படுகிறது. இப்போது அந்த முகவரியில் இருப்பது குப்பை. சி++ தரநிலை இது சரியாக இயங்க வேண்டும் என்கிறது. அதனால் நூலகங்கள் வரிசையை மாற்றிச் செய்கின்றன: புதுத் துண்டை வாங்கு, புதிய உறுப்பை அதன் இடத்தில் முதலில் உருவாக்கு, பிறகு பழையவற்றை நகர்த்து, கடைசியில் பழைய துண்டை விடு.

சுருங்குவதிலும் ஒரு கண்ணி உண்டு. பாதிக்குக் கீழே வந்ததும் பாதியாகச் சுருக்கினால், அந்த எல்லையில் ஒன்று சேர்த்து ஒன்று எடுக்கும் நிரல் ஒவ்வொரு செயலுக்கும் முழு அணியையும் நகலெடுக்கும். கால்பங்குக்குக் கீழே வந்தால்தான் பாதியாகச் சுருக்க வேண்டும். சி++ வெக்டரும் ஜாவா அரேலிஸ்ட்டும் தாமாகச் சுருங்குவதே இல்லை. கிளியர் செய்தாலும் கொள்ளளவு அப்படியே இருக்கும். ஒருமுறை உச்சத்தைத் தொட்ட அணி, நிரல் முடியும் வரை அந்த இடத்தைப் பிடித்தே வைத்திருக்கும்.

மீண்டும் நுழையாமல் தடுக்க

நேரத்தை அளக்கும் சோதனை இதற்கு ஒத்துவராது. கணினிக்குக் கணினி மாறும், சிறிய தரவில் ஒன்றும் தெரியாது. கொள்ளளவு எத்தனை முறை மாறியது என்று எண்ணுவதே நம்பகமான வழி. ஒவ்வொரு தொகுதிக்குப் பிறகும் கொள்ளளவை முந்தைய மதிப்போடு ஒப்பிட்டு, மாறியிருந்தால் ஓர் எண்ணியைக் கூட்டினால் போதும். 20,000 பதிவுகள் கொண்ட அதே பழைய சோதனையில், பிழையான நிரல் 40 மாற்றங்களைக் காட்டும். இன்சர்ட் வழியாகச் சேர்க்கும் நிரல் ஜிசிசியில் 500, 1000, 2000, 4000, 8000, 16,000, 32,000 என்று 7-ஐத்தான் காட்டும். 1.5 மடங்கு நூலகத்துக்கும் இடம் விட்டு, எல்லையை 15 என்று வைத்தால், எந்தக் கணினியிலும் எந்த வேகத்திலும் சோதனை ஒரே விடையைத் தரும்.